அழைப்பிதழில் இல்லாத பெயர்

இந்த ஊரில் சனிக்கிழமை காலையில் இறந்தவர்களைத் தேடி வரிசையில் நிற்கிறார்கள். எடின்பரோவில் நான் பகுதிநேரமாக வேலை பார்க்கும் நூலகத்தில், முன்னோர் பெயர்களைத் தேடித் தருவதற்கென்றே ஒரு மேசை உண்டு. கடலூரில் எனக்கு அப்படியொரு மேசை தேவைப்பட்டதில்லை, "யாரு வூட்டுப் பொண்ணு?" என்ற ஒரே கேள்வியில் எல்லாம் முடிந்துவிடும்.

சென்ற மாதம் டேவிட் என்ற முதியவர் பழைய செய்தித்தாளிலிருந்து ஒரு திருமண அறிவிப்பின் நகலைக் கொண்டுவந்தார். மணமகனின் பெற்றோர் பெயர்கள் இருந்தன. மணமகள் பக்கம் சித்தப்பாவின் பெயர் மட்டும். பெற்றோர் இருவரும் இறந்திருப்பார்கள் என்பது டேவிட்டின் முடிவு. "தாய் உயிரோடு இருந்திருப்பார். கணவரை இழந்தவர் என்பதால் பெயரை விட்டிருப்பார்கள்" என்றேன், ஐயமே இல்லாமல். அவர் புரியாமல் பார்த்தார். "கணவர் இல்லையென்றால் தாயின் பெயர்தானே முதலில் வரும்?" திருமணப் பதிவேட்டைப் பார்த்தோம். தந்தை, தாய் இருவருமே அன்று உயிரோடு இருந்திருக்கிறார்கள். ஏதோ மனத்தாங்கல் போலும். இருவர் ஊகமும் தவறு.

நான் அப்படிப் படித்ததற்குக் காரணம் உண்டு. அக்காவின் திருமண அழைப்பிதழ் மாதிரி அன்று காலைதான் சிதம்பரத்து அச்சகத்திலிருந்து வந்திருந்தது. இலக்கியம் படிப்பவள் என்று பிழை பார்க்கப் பெரியப்பா எனக்கு அனுப்பியிருந்தார். அழைப்பவர்கள் அவரும் பெரியம்மாவும். அப்பாவின் பெயருக்கு முன் 'தெய்வத்திரு'. தங்கை என்று என் பெயர், அருகே 'ஸ்காட்லாந்து'. தேர்வு இருப்பதால் நான் போகப்போவதில்லை. விடியலிலிருந்து மண்டபத்தில் நிற்கப்போகும் அம்மாவின் பெயர் எங்கும் இல்லை. காலையில் அது எனக்குப் பிழையாகவே படவில்லை. இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தி அனுப்பிவிட்டேன்.

மாலையில் அம்மாவை அழைத்தேன்.

"எம் பேரு எதுக்குடி, நல்ல காரியத்துல?"

"நூறு வருஷம் கழிச்சி இதப் பாக்கறவங்க, அக்கா கல்யாணத்தப்ப நீ உயிரோட இல்லன்னு எழுதிடுவாங்கம்மா."

"அப்ப மட்டும் உயிரோடவா இருக்கப் போறேன்?" சிரித்தார். பிறகு சொன்னார்: "கேட்டுப் பாரு. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன்."

பெரியப்பா கோபப்படவில்லை. "வழக்கம் இல்லியேம்மா. எடமும் இல்ல. மங்கையர்க்கரசின்னு எம்மாம் நீளப் பேரு. ஒரு வரிய எடுத்தாத்தான் போட முடியும்."

"என் வரிய எடுத்துடுங்க, பெரியப்பா."

"ஃபாரின்ல படிக்கிற பொண்ணும்மா நீ. அதப் பாத்துதான நாலு பேரு பேசுவாங்க."

"எடுத்துடுங்க."

மறுநாள் வந்த மாதிரியில் அப்பாவின் பெயருக்குக் கீழே அம்மா இருந்தார். நான் இல்லை. என்றேனும் ஒருவர் இந்தத் தாளை ஏதோ ஒரு மேசையில் விரித்து, 'மூத்த மகள்' என்றிருக்கிறதே, இளையவள் இறந்துவிட்டாளா, கோபித்துக்கொண்டு போனாளா என்று யோசிக்கக்கூடும். மூன்று முறை படித்தேன். பிழை இல்லை, அச்சிடலாம் என்று பெரியப்பாவுக்கு எழுதினேன்.