மெமரி கார்டுக்கு வைத்த பொட்டு

பாப்பு, உன் கேமரா பிழைத்துக்கொண்டது.

என் தங்கை பாப்பு இறந்துபோய் ஐந்து மாதம். வீட்டில் இந்த வருஷம் பண்டிகை கிடையாது. ஆனாலும் ஆயுத பூஜையன்று அவள் கேமராவைச் சும்மா விட மனசு வரவில்லை. துடைத்துப் பொட்டு வைத்தேன். உள்ளே இருந்த மெமரி கார்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துத் திரும்பச் சொருகினேன்.

அதோடு படம் வருவது நின்றுவிட்டது. அவள் கடைசியாக எடுத்ததெல்லாம் அதில்தான் இருந்தது.

சேலையூர் கடையில், "கார்டு செத்துப்போச்சுக்கா. எல்லாத்தையும் அழிச்சுட்டா மறுபடி வேலை செய்யும்" என்றார்கள். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று தாம்பரத்தில் ஒரு கடைக்காரர் கார்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா, இதுக்குப் போய் பொட்டு வெச்சுகிறீங்க?"

"மிக்சிக்கு வருசா வருசம் வைக்கிறேன். ஓடுதே."

"மிக்சிக்கு வெளியே வெச்சீங்க. இதுக்கு கரெண்ட் போற எடத்துலயே வெச்சுட்டீங்க."

பென்சில் அழிக்கிற ரப்பரால் மெல்லத் தேய்த்து, கம்ப்யூட்டரில் சொருகினார்.

வந்துவிட்டது. நாற்பத்தொரு படம். ஒன்றுகூடப் போகவில்லை.

நாளைக்கு சேலையூர் கடையில் போய்க் காட்டப்போகிறேன். துணைக்கு யார் வருகிறீர்கள்?

கடைசிப் படத்தில் நான் தண்ணி லாரி முன்னால் குடத்தைத் தூக்கிப் பிடித்துச் சண்டை போடுகிறேன். தெருவே நின்று பார்க்கிறது. அன்றைக்கு உன்னைத் தேடினேன், காணவில்லை.

எங்கேடி ஒளிஞ்சிருந்து எடுத்த?