என் கட்டைவிரலும் தாழம்பூத் துப்பாக்கியும்

போன வாரம் ரேஷன் கடையில் அந்தக் கைரேகை மெஷின் என்னை ஆளே இல்லை என்று சொல்லிவிட்டது. கட்டைவிரலை வைத்தேன், சிவப்பு விளக்கு. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தேன், மறுபடியும் சிவப்பு. கடையில் இருந்த பெண் என் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா ஆயா, ரேகையே காணோம்? எங்கயாச்சும் வெச்சிட்டு வந்துட்டியா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். என் சிரிப்புக்குக் காரணம் வேறு.

எங்கள் மலையில், நெல்லிவாசல் பக்கம் புளி உடைக்காத பெண் கிடையாது. ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துத் தேய்ந்த விரல் இது. ஆனாலும் மிச்சமிருந்த ரேகையை நான் ஒரு துப்பாக்கியின் மேல் தேய்த்துத் தீர்த்தேன். நிஜமாகத்தான் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து வந்திருக்கும் மகள் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நான் 'வூடு' என்றால் அவள் 'வீடு' என்று திருத்திக்கொள்கிறாள். ஜனங்கள் பேசியதை மட்டும் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன்.

துப்பாக்கி என் கொழுந்தன் சாமிக்கண்ணுவுடையது. என் வீட்டுக்காரருக்குத் தம்பி. அவன் கலியாணம் கட்டவில்லை. மிலிட்டரியில் இருந்துவிட்டு வந்து, பட்டணத்தில் ஒரு துப்பாக்கிக் கடைக்குக் காவலுக்குப் போனான். அங்கேதான் பைத்தியம் பிடித்தது. அந்தக் கடைக்காரர் தன் கடைக்கென்றே தனியாகச் சொல்லி அஞ்சே அஞ்சு ரிவால்வர் செய்து வாங்கினாராம். எல்லாம் ஒரே அச்சு. பக்கவாட்டில் மட்டும் ஆளுக்கு ஒரு பூ செதுக்கி, அதில் பொன்னிறம் ஓட்டியிருக்கும். மல்லி, ரோஜா, சாமந்தி, தாழம்பூ, தாமரை. அதற்கப்புறம் அந்த மாதிரி செய்யவே இல்லையாம். எழுத்துத் தெரியாத எனக்கே பூவைப் பார்த்து எது எதுவென்று சொல்லத் தெரியும். அவ்வளவு தடவை காட்டியிருக்கிறான்.

வேலையை விட்டு மலைக்கு வரும்போது பூப்போட்டதில் மூன்று அவனிடம் இருந்தன. அஞ்சு குழி வைத்த வெல்வெட் பெட்டி ஒன்றும் கூடவே வந்தது. பல்லாங்குழிப் பலகை போல இருக்கும். தினமும் காலையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பஞ்சால் துடைப்பான். வீடெல்லாம் அந்த எண்ணெய் வாடை. என் களியில் கூட அந்த வாடைதான் அடித்தது. அந்தப் பக்கம் பன்றி இறங்கிச் சாமைக் கொல்லையை உழுதுகொண்டிருக்கும். இவன் இந்தப் பக்கம் ரோஜாவைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

"ஏன்யா, ஒரு வாட்டி வெளிய வந்து சுட்டாத்தான் இன்னா?"

"இது சுடறதுக்கு இல்ல அண்ணி. சேக்கறதுக்கு."

சுடாத துப்பாக்கியைச் சேர்த்து வைப்பவனை என்னவென்று சொல்வது? எனக்கு அவனைப் பிடிக்காது. முதல் நாளிலிருந்தே பிடிக்காது. அவன் உட்காரும் விதம் பிடிக்காது, மோர் குடிக்கும் சத்தம் பிடிக்காது. அவனுக்கும் என்னைப் பிடிக்காது. அவன் அண்ணன், என் வீட்டுக்காரர், செத்த பிறகும் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம், அவ்வளவுதான்.

அண்ணன் செத்த அடுத்த மாசம் ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்தான். "விதவைப் பென்சன் பேப்பர் அண்ணி. இங்க இங்க கை வையிங்க." மை டப்பாவை நீட்டினான். அவ்வளவு மரியாதையாக அவன் பேசினபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். வைத்தேன். கட்டைவிரலை நன்றாக உருட்டி, ஒரு கோடு கூட விடாமல் பதிய வைத்தேன். மிலிட்டரிக்காரன் மெச்சட்டும் என்ற நினைப்பு!

கொஞ்ச நாளில் விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, உன் பேர்ல துப்பாக்கி லைசென்ஸ் கேட்டிருக்குது. இன்னாத்துக்கு உனக்குத் துப்பாக்கி?"

அந்தப் பென்சன் பேப்பர் என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் பேருக்கு மூன்றுக்கு மேல் கூடாதாம். நாலாவதை என் பேரில் வாங்கப் பார்த்திருக்கிறான். போலீஸ்காரர் முதுகுக்குப் பின்னால் நின்று கும்பிடு போட்டான். அங்கேயே காட்டிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அண்ணன் செத்த வீடு, அதிலிருந்து தம்பியை விலங்கு போட்டுக் கூட்டிப் போனால் ஊர் என்ன பேசும் என்று பயந்தேன்.

"பன்னிக்குங்க," என்றேன்.

"தொல்ல அதிகங்களா?"

"வூட்டுக்குள்ளயே வந்துடுதுங்க," என்று சாமிக்கண்ணுவைப் பார்த்தேன். அவர் பாவம், எழுதிக்கொண்டு போனார்.

இப்படித்தான் தாழம்பூ என் பேருக்கு வந்தது. பேர்தான் என்னுது. இருந்தது அவன் பெட்டியில்.

ஒரு குழி காலியாகவே இருந்தது. அந்தத் தாமரை கணியம்பாடிப் பக்கம் மரச்செக்கு வைத்திருந்த ஒருவரிடம் இருந்தது. அவருக்கும் இதே பைத்தியம். இப்போதுதான் எல்லாரும் செக்கு எண்ணெய் வேண்டும் என்று அலைகிறார்களே, அவர் இன்னும் நாலு செக்கு போடப் பழைய புளியமரம் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் கொல்லை முனையில் ரெண்டு மரம். என் மாமியாருக்கு மாமியார் காலத்து மரங்கள். எனக்கு இருந்த வருமானமும் அதுதான், வெயில் நேரத்தில் எனக்கிருந்த வீடும் அதுதான். ஆனால் பட்டா சாமிக்கண்ணு பேரில்.

செக்குக்காரர் வந்தார். மரத்தைச் சுற்றி வந்து, உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்த்தார். மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கிறவர் போலவே இருந்தது.

"மரம் ரெண்டும் எனக்கு. தாமரை உனக்கு. நாலும் புதுசு மாதிரி இருந்தாத்தான் பேச்சு. ஒண்ணுல கீறல் இருந்தாலும் நான் குடுக்க மாட்டேன். செட்டுன்னா செட்டு. நாளைக்கி எனக்கப்புறம் அது ஓட்டச் செட்டுல போய்ச் சேரக்கூடாது."

"கீறலா? வேர்வக் கை கூட பட்டதில்லைங்க," என்றான் இவன். ஆயுத பூஜைக்கு மறுநாள் வந்து பார்த்துவிட்டு மரத்துக்கு ஆள் விடுவதாகப் பேச்சு.

நான் கேட்டேன், கத்தினேன், மண்ணை வாரித் தூற்றினேன். "அது வெறும் மரம் அண்ணி. வேற நடலாம்," என்றான். நட்டால் அது காய்ப்பதைப் பார்க்க நான் எங்கே இருக்கப் போகிறேன்?

ஆயுத பூஜை அன்று கடப்பாரை, அரிவாள், மருந்தடிக்கும் மெஷின் எல்லாவற்றையும் வாசலில் வரிசையாக வைத்தான். கடைசியில் வெல்வெட் பெட்டி. எனக்கு உத்தரவு போட்டான்: "அண்ணி, நான் குளிச்சிட்டு வர்றேன். எல்லாத்தையும் விளக்கிப் பொட்டு வெச்சிடுங்க."

எல்லாத்தையும். அவன் வாயால் சொன்ன வார்த்தை. தெருவில் மூன்று பேர் கேட்டார்கள்.

உங்களுக்கு ஒன்று தெரியவேண்டும். அந்தத் துப்பாக்கிகள் நாவல்பழம் மாதிரி நீலக் கறுப்பாக மின்னும். "இந்தக் கறுப்புதான் அண்ணி இதோட உசுரு, புளிப்பு பட்டாப் போச்சு," என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். ஊறுகாய் தின்ற கையோடு நான் அந்தப் பக்கம் போனாலே கத்துவான்.

நான் தாழம்பூவை மட்டும் எடுத்தேன். மற்ற மூன்றையும் தொடவில்லை. அடுத்தவர் பொருள் எனக்கெதற்கு? புதுப்புளி ஒரு உருண்டை, கொல்லை மரத்துப் புளிதான். கல்லுப்பு ஒரு கை. தேங்காய் நார். குத்துவிளக்கை விளக்குவது போல உட்கார்ந்து விளக்கினேன். முதலில் தண்ணீர் கறுப்பாக இறங்கியது. அப்புறம் சாம்பல். அப்புறம் அந்தப் பொன் தாழம்பூ ஒவ்வொரு மடலாக மங்கியது. என் கட்டைவிரல் எரிந்தது. எரிந்தால் எரியட்டும் என்று இன்னும் அழுத்தினேன். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். என் கலியாணத்துக்குக் கூட நான் அப்படிச் சிரித்ததில்லை. வெள்ளைவெளேரென்று ஆனதும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கனகாம்பரம் ஒரு துண்டு சுற்றிக் குழியில் வைத்தேன்.

ஈரத் துண்டோடு வந்தவன் அப்படியே நின்றான். பாதி முகம் துடைத்தபடி.

"இன்னா பண்ண நீ? இன்னா பண்ண?"

"விளக்கச் சொன்ன, விளக்கனேன். பித்தள மாதிரி வரல, அது உன் துப்பாக்கியோட லட்சணம்."

"உன்ன போலீசுல குடுக்கறேன் பாரு!"

"குடு. யார் துப்பாக்கிய யார் விளக்கினதுனு அவங்க கேப்பாங்க. என் துப்பாக்கி உன் பெட்டிக்கு எப்பிடி வந்ததுனும் கேப்பாங்க. அந்தப் பென்சன் பேப்பரையும் எடுத்துக்கினு வா, ரெண்டு பேருமா போலாம்."

தெருவில் நின்ற பங்காளி வீட்டு ஓரகத்தி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் செக்குக்காரர் பெட்டியைத் திறந்தார், ஒரே பார்வைதான், மூடினார். காப்பி கூடக் குடிக்கவில்லை. மரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். "தெரியாம செஞ்சிட்டேங்க, எழுத்து வாசன இல்லாத பொம்பள," என்று நான் ஓடிப்போய்க் கும்பிட்டேன். ஊரிலும் இத்தனை வருஷமாக அதையேதான் சொன்னேன். இன்றைக்குத்தான் நிஜத்தைச் சொல்கிறேன். தெரிந்துதான் செய்தேன்.

அதற்கப்புறம் அவன் என்னிடம் நேராகப் பேசியதே இல்லை. நாயிடம் பேசுவான். "டேய், கொழம்புல உப்பு இல்லனு சொல்லு." நானும் நாயிடமே பதில் சொல்வேன். "வேணும்னா அந்தப் பொட்டியில கீற வெல்வெட்ட நக்கச் சொல்லு." நாய் பாவம், இங்கும் அங்கும் தலையைத் திருப்பும்.

ஆளுக்கு ரெண்டுக்கு மேல் கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது, அவன் சாமந்தியையும், இனி எனக்கெதற்கு என்று நான் என் தாழம்பூவையும் ஒப்படைக்க ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போளூர் போனோம். ஆளுக்கு ஒரு ஜன்னல். ஸ்டேஷனில் சாமந்தியைக் கொடுக்கும் முன் அவன் அதை வேட்டி முனையால் இன்னொரு தடவை துடைத்தான். நான் பார்க்காதது போல வெளியே ஆட்டோவை எண்ணினேன். பரிதாபமெல்லாம் இல்லை. எண்ணினேன், அவ்வளவுதான்.

போன மாசிக்கு அவன் போய்விட்டான். மீதி ரெண்டும் ஸ்டேஷனுக்கே போயின. நாய் அவனுக்கும் முன்னாலேயே போய்விட்டது. பெட்டியில் இப்போது மிளகாய் விதை வைத்திருக்கிறேன். குழிக்கு ஒரு ரகம். மரம் ரெண்டும் நிற்கின்றன, இந்த வருஷம் நல்ல காய்ப்பு. குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அந்தக் கோபத்தில் சில நாள் நானே கூடப் போட்டுவிடுகிறேன்.

ரேஷன் கடையில் கடைசியில் கருவிழி பார்க்கும் மெஷினில் கண்ணைக் காட்டி அரிசி வாங்கினேன். ஆனால் முதல் மெஷின் தேடிய ரேகை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போளூரில், ஏதோ ஒரு பீரோவில், பென்சன் என்று சொல்லி அவன் வாங்கிய அந்தக் காகிதத்தில் இருக்கிறது. ஒரு கோடு கூடத் தேயாமல் இருக்கும். அந்தத் திருடன் என்னிடமிருந்து எடுத்ததில் அது ஒன்றுதான் பத்திரமாக மிஞ்சியது.