இரண்டு கொத்தமல்லி

மோட்டார் சைக்கிள் எஞ்சினின் பிளக்கைக் கழற்றியதும் பீர் மைதீனின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போகிறது. ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். உள்ளே வறுத்த கொத்தமல்லி விதை இரண்டு. ஒன்றை எடுத்துப் பிளக்கின் முனையோடு ஒட்டி வைத்து, வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். "வெளுத்துல்லா கெடக்கு. எஞ்சின் இன்னும் பட்டினிதான்" என்கிறார்.

தென்காசியில், குற்றாலம் ரோட்டில், ஓலை வேய்ந்த பட்டறை. மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இந்தச் சுற்று வட்டாரத்தில் இருபது பேர் இருந்தால் அதிகம். அத்தனை பேரும் இவரிடம் தலை குனிந்துதான் ஆக வேண்டும். நான் சுகாதார இன்ஸ்பெக்டர். ஊரையெல்லாம் அதட்டுகிற எனக்கு இவர் முன்னால் மட்டும் வாய் வராது. ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு ஒரு மணி நேரம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், மகராசன்.

புகைக்குழாயை அகலமாக மாற்றி, காற்று வடிகட்டியையும் எடுத்துவிட்டால் எஞ்சினுக்குள் காற்று அதிகமாகப் போகும். அதற்குத் தக்கபடி பெட்ரோலும் கூட வேண்டும். கார்ப்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுவது 'ஜெட்' என்ற குட்டிப் பித்தளைத் துண்டு. அதன் துளையில் தையல் ஊசி நுழையாது. "பந்திக்கு ஆளு கூடிட்டா உலையில அரிசி கூடப் போடணும்லா? அம்புட்டுதான் சார்" என்று முடித்துவிடுவார். உலகச் சண்டைக்குப் பிறகு புது ஜெட் எங்கே கிடைக்கிறது? கடிகாரக்காரர்கள் வைத்திருக்கும் மயிரிழை அரத்தால் பழைய துளையையே பெரிதாக்குகிறார். நான்கு திருகு, ஊதல், மறுபடி நான்கு திருகு. பிறகு ஐந்தருவி ஏற்றத்தில் தானே முழு வேகத்தில் ஓட்டி, உச்சியில் சட்டென்று எஞ்சினை நிறுத்தி, அங்கேயே பிளக்கைக் கழற்றுவார். பெட்ரோல் குறைந்தால் பிளக் வெளுத்துவிடும்; வறுத்த கொத்தமல்லி நிறம் வரும்வரை வண்டி சொந்தக்காரனுக்குக் கிடையாது.

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் அங்கே இருந்தேன். பட்டாளத்திலிருந்து திரும்பிய செல்லச்சாமி, ஏலத்தில் எடுத்த பட்டாளத்து வண்டியோடு நின்றுகொண்டிருந்தான். சாரலில் துருப்பிடித்த சைலன்சருக்குப் பதில் நேர்க்குழாய், பெரிய வடிகட்டிப் பெட்டிக்குப் பதில் வெறும் கம்பி வலை, எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஜெட் மட்டும் பாக்கி. அவன் கையில் தந்தி. மனைவி இராமலட்சுமி புனலூரில் தாய்வீட்டில் இரண்டு நாளாகப் பிரசவ வலியில் கிடக்கிறாள்.

"அண்ணாச்சி, வண்டியக் குடுங்க. மெதுவாப் போய்க்கிடுதேன். ஜெட்ட வந்து பாத்துக்கிடலாம்" என்றான். பீர் மைதீன் துளையை ஊதிப் பார்த்தார். அவனே தொடர்ந்தான்: "பெரிய ஓட்டை போட்டா பெட்ரோலக் குடிச்சிருமே! ரேஷன் கூப்பனுக்கு எங்க போவேன்?"

"பெட்ரோலக் குடிச்சாக் குடிக்கட்டும்லே. ஆளக் குடிக்காம இருந்தாப் போதும்."

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பீர் மைதீன் ஜும்ஆத் தொழுகையைத் தவறவிட்டு யாரும் பார்த்ததில்லை. அன்று அவர் எழுந்திருக்கவில்லை. அரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். எனக்கே பொறுக்கவில்லை. "தொழுகைக்கு நேரமாச்சே, மனுஷன் அவசரமும் தெரியலையா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் நிமிராமலே சொன்னார். "எட்டு வருசத்துக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை. எந் தம்பி ரஹ்மத்து இதே மாதிரி குழாய மாத்தச் சொன்னான். மாத்துனேன். ஜும்ஆவுக்கு நேரமாச்சு, ஜெட்ட நாளைக்குப் பாத்துக்கிடலாம், மெதுவாப் போன்னு சொன்னேன். புளியரை ஏத்தத்துல எஞ்சின் சூடு தாங்காம பிஸ்டன் கவ்விருச்சு. சக்கரம் பூட்டிக்கிடுச்சு. பள்ளத்துல கெடந்த வண்டியில பிளக்கக் கழத்திப் பாத்தேன். சுண்ணாம்பு வெளுப்பு."

செல்லச்சாமி தந்தியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். நான் கேட்டிருக்கவே கூடாது.

காலையிலிருந்து மூன்றாம் முறையாக ஏற்றம் போய் வந்தபோதுதான் நிறம் ஒத்தது. மணி ஒன்றரை. "முழுசா முறுக்காத. தென்மலையில நின்னு ஆற விடு. பிள்ளை முகத்தப் பாத்துட்டு வா" என்று சொல்லி வண்டியைக் கொடுத்தார்.

ஊர், ரஹ்மத்தின் சாவுக்கு மழையைக் குற்றம் சொன்னது. இவர்தான் நாற்பதாம் நாள், தம்பி மனைவி ஹைருன் பீவியிடம் போய், ஜெட்டை மாற்றாமல் அனுப்பியது தான்தான் என்று வாய்விட்டுச் சொன்னாராம். அவள் பிளக் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். வறுத்த கொத்தமல்லி நிறம் என்றார் இவர். அன்றிலிருந்து குழாய் மாற்றுகிற நாளிலெல்லாம் வறுத்த விதை இரண்டைப் பொட்டலம் கட்டிச் சோற்றுப் பாத்திரத்தோடு அனுப்புகிறாள். வண்டி நல்லபடி ஏற்றம் தாண்டியது என்று தெரிந்தால் இவர் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொண்டு போவார். இரண்டும் திரும்பினால் அன்று அவள் சாப்பிட மாட்டாள். இத்தனையும் அன்று மாலை, செல்லச்சாமியைப் பற்றிச் சேதி கேட்கப் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது அவரே சொன்னது.

சோற்றுப் பாத்திரம் திறக்காமலே இருந்தது. ஐந்து மணி வாக்கில், புனலூரிலிருந்து குற்றாலம் சுற்றி வரும் பஸ் தெரிந்தது. பீர் மைதீன் ரோட்டின் நடுவில் போய் நின்று கையைத் தூக்கினார். டிரைவர் திட்டிக்கொண்டே நிறுத்தினான்.

கண்டக்டர் தலையை நீட்டினான். "செல்லச்சாமியையா கேக்கீரு? புளியரை ஏத்தத்தத் தாண்டி, தென்மலைச் சாயாக்கடையில நின்னான். வண்டிய ஆற விடுதானாம். கேட்டதுக்கு, நீருதான் சொன்னீருன்னான்."

பஸ் போய்விட்டது. சாரலில் நனைந்துகொண்டே அவர் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு விதையை வாயில் போட்டு மென்றார். மற்றதைத் துண்டின் முனையில் வைத்து இறுக்கி முடிந்துகொண்டார்.