ஏழு கொட்டகைகளின் முனகல்

கண்ணை மூடி, பழம் தரம்பிரிக்கும் இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, வாய்க்குள் பத்து எண்ணுகிறார் ஷிபாஹாரா மிட்சுயோ. பிறகு நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த கொட்டகைக்கு நடக்கிறார். எரிமலை அடிவாரத்தில், எங்கள் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே ஏழு கொட்டகைகள். எங்களுடையது மூன்றாவது. அறுவடைக் காலத்தில் தினமும் இந்த வைத்தியம் உண்டு.

"டாக்டரம்மா, என் மெஷினுக்குக் காய்ச்சலா?" என்பார் ஏழாம் கொட்டகை டொகுமாரு.

"நாடி நல்லாத்தான் இருக்குண்ணே. சத்தந்தான் ஜாஸ்தி, உங்கள மாதிரியே."

ஷிபாஹாராவுக்கு ஐம்பத்திரண்டு வயது. எரிமலை ஆய்வு நிலையத்தில் வேலை. கணினிக்குள் வெறும் எண்களால் ஒரு மலை கட்டி வைத்திருக்கிறார். அதன் வயிற்றில் ஒரு குழாய், குழாயில் உருகிய பாறைக்குழம்பு. குழம்பு கெட்டியானால், குமிழி கூடினால், தரை எப்படி அதிரும் என்று கணக்குப் போடுவார். அந்த அதிர்வும் நிஜ மலையின் அதிர்வும் ஒத்துப்போனால், குழம்பு எவ்வளவு மேலே வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாமாம். "கஞ்சி கொதிக்கிற சத்தமும் வெந்நி கொதிக்கிற சத்தமும் ஒண்ணா? மூடியத் திறக்காமலே தெரியும்ல, அவ்வளவுதான்." இத்தனைக்கும் அவர் வீட்டு அடுப்பில் எதுவும் பொங்கி வழியாத நாள் கிடையாது.

போன டிசம்பரில், நிலையத்துக் கருவியில் விடாமல் ஒரு முனகல் கேட்கிறது, குழம்பு ஏறுகிறது என்று சொல்லி ஊரையே காலி செய்ய வைத்தார். ஒன்பது நாள் பள்ளிக்கூடத் தரையில் படுத்தோம். நாங்கள் போனதுமே முனகல் நின்றது. மலை அடங்கிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். வந்து இயந்திரத்தைப் போட்டோம், முனகல் மறுபடி ஆரம்பித்தது. அவர் கேட்டது எங்கள் ஏழு இயந்திரங்களை! பறித்து வைத்த பழமெல்லாம் அதற்குள் அழுகியிருந்தது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் வீடு வீடாக வந்து மன்னிப்புக் கேட்டுத் தலை குனிந்தவர் அவர் ஒருவர்தான். எந்த இயந்திரம் எப்போது ஓடுகிறது என்று கை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் பழக்கமும் அன்றைக்கு வந்ததுதான்.

நேற்று மலைத் தெய்வத்தின் நாள். அன்று யாரும் தோப்பில் கால் வைக்க மாட்டோம், இயந்திரத்தையும் தொட மாட்டோம். அது அவருக்கும் தெரியும். இருந்தும் காலையிலேயே வந்துவிட்டார். அவரைப் பார்த்ததும் நானும் டொகுமாருவும் வழக்கத்தை மீறிப் பின்னாலேயே போனோம். ஒவ்வொரு கொட்டகையாகக் கை வைத்தார். எல்லாம் சில்லென்று கிடந்தன. கடைசியாக டொகுமாருவின் இயந்திரத்திலிருந்து அவர் கையை எடுக்கவேயில்லை. முகம் வெளுத்திருந்தது.

"கருவியில முனகல் கேக்குதுண்ணே. இன்னிக்கு உங்க யாரோட மெஷினும் ஓடல."

"மறுபடியும் பள்ளிக்கூடமா? இந்தத் தடவையும் தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போச்சுன்னா அப்புறம் நான் எது சொன்னாலும் யாரும் கேக்க மாட்டீங்க. தெரிஞ்சுதான் சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் கிளம்பிடணும்."

முந்தாநாள் பறித்த பழங்கள் சுவரோரமாகப் பெட்டி பெட்டியாக அடுக்கிக் கிடந்தன. டொகுமாருவின் கண் அங்கேயே நின்றது.

ஷிபாஹாரா நிலையத்துக்குப் போன் பண்ணி இரண்டே வரியில் சொல்லி முடித்தார். நோட்டைப் பைக்குள் போட்டார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு பழப்பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கி டொகுமாருவின் வண்டியில் ஏற்றினார்.