சோதனை அக்கா வீட்டுக்கு வந்த பிள்ளைகள்

அந்தப் பெரிய ஜவுளிக்கடையின் வாசலில், பெண்களைச் சோதனை போடுவதற்கென்று திரை கட்டிய ஒரு சின்னத் தடுப்பு உண்டு. அதற்குள் நீலச் சட்டையும் தொப்பியுமாக நிற்பவளைக் கடையில் எல்லோரும் சோதனை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். திரையை விலக்கிக்கொண்டு வரும் பெண்கள் அவள் முன்னால் இரண்டு கைகளையும் அகல விரித்து நிற்பார்கள். தோளில் தொடங்கிக் கணுக்கால் வரை தடவிப் பார்ப்பாள். கைப்பையைத் திறக்கச் சொல்வாள். "சரி, போங்க" என்பாள். அடுத்தவள் வருவாள். காலை முதல் மாலை வரை ஊரிலுள்ள பெண்களெல்லாம் கட்டித் தழுவ வருபவர்களைப்போல அவளை நோக்கிக் கையை விரித்தார்கள். ஒருத்தியாவது தழுவினாளா? வீட்டுக்குப் போனால் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை. அவ்வளவுதான் அவளுடைய குடித்தனம்.

அவளுக்கும் ஒரு காலத்தில் புருஷன் இருந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். நல்லவன்தான். ஆனால் வயிறு திறக்கவில்லை என்று மாமியார் கரித்துக் கொட்டியபோது முதலில் எதிர்த்துப் பேசினான், பிறகு பேசாமல் இருந்தான், கடைசியில் ஒருநாள் விவாகரத்துப் பத்திரத்தோடு வந்து நின்றான். அவள் அழவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவன் வேறொருத்தியைக் கட்டினான். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. சின்னவன் பிறந்த கொஞ்ச நாளில், தகப்பன் வேலை செய்த இடத்திலேயே மேலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தான். சாவு வீட்டுக்கு அவளும் போனாள். "நீங்க யாரும்மா?" என்று கேட்ட ஒருவரிடம், "தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஒருநாள் மதியம், முகக்கவசம் போட்ட ஒரு பெண் திரையை விலக்கிக்கொண்டு வந்து கையை விரித்தாள். சோதனை அக்காவின் கைக்கு விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, என்னைத் தெரியுதா?"

தெரியாமல் என்ன? சாவு வீட்டில் கைக்குழந்தையோடு சுவரில் சாய்ந்து கிடந்தவள். இரண்டாவதாக வந்தவள்.

"பையைத் திற" என்றாள் சோதனை அக்கா. வாய்க்குப் பழகிய சொல், அதுவாக வந்துவிட்டது.

"பையில ஒண்ணுமில்லக்கா. எனக்கு நுரையீரல்ல நோய். ஒட்டுற நோயாம். ஆஸ்பத்திரியில சேர்ந்தே ஆகணுங்கிறாங்க. நல்லாகிற வரைக்கும் பிள்ளைங்களைக் கிட்டவே விடக் கூடாதாம்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"எங்க அண்ணன் கதவையே தொறக்கல. பிள்ளைங்களுக்கும் ஒட்டியிருக்குமோன்னு பயம். பரிசோதனை பண்ணியாச்சுக்கா, அதுங்களுக்கு ஒண்ணுமே இல்ல. போகாத வீடு இல்ல, பிடிக்காத காலு இல்ல."

"ஊரெல்லாம் சுத்திட்டுக் கடைசியில எங்கிட்டயா வந்தே? எனக்குப் பிள்ளை வளக்கத் தெரியாது. அதனாலதானே உன்னைக் கொண்டு வந்தாரு!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெளியே வரிசையில் ஒருத்தி, "உள்ள என்ன, கல்யாணப் பேச்சா நடக்குது?" என்று கத்தினாள். வந்தவள் அப்படியே மடங்கிக் காலைப் பிடிக்கப் போனாள்.

"ஏய், எந்திரி! சூப்பர்வைசர் பாத்தா என் வேலை போயிடும். எந்திரின்னா! கூட்டிட்டு வா, போ."

இப்படித்தான் அந்தப் பிள்ளைகள் பெரியம்மா வீட்டுக்கு வந்தன. பெரியவளுக்கு ஒன்பது வயது. எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் வக்கீல் என்று பட்டப்பெயர். சின்னவனுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். வேலைப் பழக்கமும் அப்படித்தான் போலிருக்கிறது. வாசலிலேயே பெரியவளை நிறுத்திப் பாக்கெட்டைத் தடவினாள் சோதனை அக்கா. ஒரு உடைந்த பென்சில், பாதி கடித்த பிஸ்கட், அப்பாவின் பழைய ஸ்க்ரூடிரைவர்.

"நாங்க என்ன புடவை வாங்கவா வந்திருக்கோம்?" என்றாள் வக்கீல்.

"கூரானதெல்லாம் தம்பி கைக்குக் கிடைக்கக் கூடாதுல்ல. அதான் பாக்குறேன்."

"நீங்கதான் எங்கப்பாவோட மொதப் பொண்டாட்டியா?"

"ஆமா."

"ஏன் அப்பாவை விட்டுட்டுப் போனீங்க?"

"நான் எங்கடி போனேன்? இதே வீட்லதானே இருக்கேன். சாப்பிட வா."

ஒரு தட்டில் மூன்று பேர் சாப்பிட்டார்கள். சின்னவன் அரைச் சோற்றைத் தரைக்கும் மீதியைத் தலைக்கும் கொடுத்தான். பால் பொங்கி வழிந்தது, கால்சட்டையை முன்பின்னாக மாட்டினாள், குளிப்பாட்டும்போது பிள்ளையைவிட இவள்தான் அதிகம் நனைந்தாள். "பெரியம்மா, நீங்க பரீட்சை எழுதினா பெயிலு" என்று வக்கீல் தீர்ப்புச் சொன்னாள்.

பெரியவள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். சின்னவனை எங்கே விடுவது? கடைக்கே தூக்கிப் போனாள். திரைக்குப் பின்னால் ஒரு புடவை அட்டைப்பெட்டிக்குள் உட்கார வைத்தாள்.

"இது கடையா, பிள்ளை வளக்குற இடமா?" என்று சூப்பர்வைசர் எகிறினார்.

"பையி, குடையெல்லாம் டோக்கன் போட்டு வச்சுக்கிறீங்கல்ல சார். இவனுக்கும் ஒரு டோக்கன் போட்டுடுங்க."

மனிதர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நிஜமாகவே ஒரு டோக்கனைக் கொண்டுவந்து சின்னவன் சட்டையில் மாட்டிவிட்டுப் போனார்.

வருகிறவர்கள் எல்லோரும் கையை விரிப்பதைப் பார்த்துப் பார்த்து, சின்னவனும் அட்டைப்பெட்டிக்குள் எழுந்து நின்று கையை விரிக்கப் பழகிக்கொண்டான். ஒருநாள் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் சோதனை அக்கா திரும்பிப் பார்த்தபோது அவளை நோக்கியும் விரித்தான். அவளும் விளையாட்டாகத் தோளிலிருந்து தடவத் தொடங்கினாள். கூச்சத்தில் கலகலவென்று சிரித்த பிள்ளை, அப்படியே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ம்மா" என்றது.

ஐயோ! எத்தனை வருஷத்துத் தாகம் அது! திரையை இழுத்து மூடிக்கொண்டு, நீலச் சட்டை நனைய நனைய அழுதாள் அந்தப் பாவி மகள்.

"அம்மா இல்லடா, பெரியம்மா சொல்லு" என்று வக்கீல் வீட்டில் தம்பியைத் திருத்தினாள். அவன் கேட்கவில்லை. திருத்த வேண்டியவளோ வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து சாயங்காலம் தவறாமல் வீடியோ கால் வரும். திரையில் முகக்கவசம் போட்ட முகம், "தங்கம், அம்மாவைப் பாருடா" என்று கெஞ்சும். சின்னவன் ஒரு நொடி பார்த்துவிட்டு சோதனை அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். அந்தப் பக்கம் இருமல் கேட்கும். இருமலா, அழுகையா என்று தெரியாது. சோதனை அக்காவும் முதலில் மனசு கேட்காமல் தவித்தவள்தான். பிறகு ஒருநாள் போனை அணைத்து அலமாரிக்குள் வைத்தாள். மறுநாளும் அப்படியே செய்தாள். "போனு கெட்டுப்போச்சு" என்று வக்கீலிடம் சொன்னாள். வக்கீல் அவளை ஒரு பார்வை பார்த்தாள். எதற்கும் கேள்வி கேட்கிற பெண் அதற்கு மட்டும் கேட்கவில்லை.

நோய் இறங்கிவிட்டது, இனி ஒட்டாது என்று டாக்டர்கள் சொன்ன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றவள் வந்தாள். முகக்கவசம் இல்லாத முகம், கொஞ்சம் சதை போட்டிருந்தது. வக்கீல் பாய்ந்து போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சின்னவன்? வந்தவளைப் பார்த்தான். சோதனை அக்காவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, புடவையைப் பிடித்து இழுத்து, "ம்மா, தூக்கு" என்றான்.

பெற்றவளின் விரிந்த கைகள் மெல்லக் கீழே இறங்கின.

"அக்கா," என்றாள், தரையைப் பார்த்தபடி. "அவன் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் பெரியவளைக் கூட்டிட்டுப் போறேன்."

"என்ன பேச்சு பேசுற நீ!"

"உங்ககிட்ட நல்லா இருக்கான்க்கா. கன்னத்தைப் பாருங்க, எப்படி இருக்குன்னு. எனக்கு இந்த உடம்பு எத்தனை நாளைக்கோ. உங்க வீட்டுக்காரரைத்தான் நான் எடுத்துக்கிட்டேன்..."

வேண்டும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது தொண்டை வரை வந்து நின்றது. தூக்கி வைத்திருந்த கையில் பிள்ளையின் கனம், கன்னத்தில் அவன் மூச்சு. யாரும் திருடி என்று சொல்லப் போவதில்லை; கொடுப்பவளே கொடுக்கிறாள். ஆனால் அம்மாவின் முந்தானையைப் பிடித்திருந்த வக்கீல் நிமிர்ந்து பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"போனு கெட்டுப்போகல" என்றாள் சோதனை அக்கா. "நான்தான் அணைச்சு வச்சேன். அவன் உன்னை மறக்கட்டும்னுதான்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா கொடுக்குறே?"

"சாப்பிட்டானா, தூங்கினானான்னுதான் தவிச்சேன். உங்க மேல கோவப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

சோதனை அக்கா பிள்ளையை இறக்கிவிட்டாள். அவன் சிணுங்கினான்.

"இப்பவே உன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா மிரண்டுருவான். புது எடம், புது ஆளுன்னு. நீ இங்கயே இரு. இந்த வீடு அவனுக்குப் பழகிடுச்சு. நான் இல்லாம இருந்தாத்தான் உங்கிட்ட ஒட்டுவான்."

"நீங்க எங்க போவீங்க?"

"கடையில பொம்பளைங்க உடை மாத்துற அறை இருக்கு. பெஞ்சு போட்டிருக்காங்க. அவன் ஒட்டினப்புறம் நீங்க கிளம்புங்க, நான் வந்துக்கிறேன்."

ஒரு பையில் சீருடையைத் திணித்தாள். திணித்துக்கொண்டே சொன்னாள்: பால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், ஆறினால் துப்புவான். தூக்கம் வந்தால் காது மடலைத் தடவ வேண்டும், வலது காது. முட்டையில் வெள்ளையை மட்டும்தான் தின்பான். பெற்றவள், தன் பிள்ளையைப் பற்றி இன்னொருத்தி சொல்லக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே நின்றாள்.

"அவன்கிட்ட சொல்லிட்டுப் போங்க பெரியம்மா" என்றாள் வக்கீல். முதல்முறையாக அவள் குரல் உடைந்திருந்தது.

"சொன்னா நான் எங்கடி போறது?"

கதவைச் சாத்திக்கொண்டு படி இறங்கினாள். தெருவுக்கு வருவதற்குள் உள்ளே அழுகை வெடித்தது. "ம்மா! ம்மா!" கதவை ஓங்கி ஓங்கித் தட்டும் சத்தம்.

வாசலில் துணி தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "என்னம்மா இது, பிள்ளை தொண்டை கிழியக் கத்துது, நீ இங்க நிக்குறே? போய்த் தூக்கும்மா."

"அவங்க அம்மா இருக்கா."

"உன்னைத்தானே கூப்பிடுறான்!"

அவள் தேய்ப்பு மேஜையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை ஏறியது, கம்மியது, மறுபடி ஏறியது. இடையில் ஒரு பெண்குரல் ஏதோ முணுமுணுத்தது. ஒரு இருமல். பிறகு விக்கல் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

மாடி ஜன்னலில் வக்கீலின் முகம் தெரிந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துக் காட்டினாள். தூங்கிவிட்டான்.

"அப்பாடா, அடங்கிட்டான்" என்றார் இஸ்திரிக்காரர். "இனி நிம்மதியா வேலைக்குப் போம்மா."

சரி என்று தலையாட்டினாள். ஆனால் நகரவில்லை. விழித்துக்கொண்டு இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடமாட்டானா என்று மாடியைப் பார்த்தபடி நின்றாள். இஸ்திரிக்காரர் ஒரு சட்டையை மடித்து அடுத்ததை விரித்தார். மாடியில் சத்தமே இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.