பூனைக்குத் தேய்த்த விளக்கெண்ணெய்

ராயபுரத்தில் எங்கள் மளிகைக் கடையின் பின்கட்டில்தான் குடியிருந்தோம். துறைமுகத்தில் வேலையாயிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சுதந்திரம் வந்த வருஷம் கப்பலேறிவிட, அவர் வீட்டு பட்லர் அவருடைய பூனையை என் மடியில் போட்டுவிட்டுப் போனார். வெள்ளை வெளேரென்று, விரல் நீளத்துக்கு முடி. திருநெல்வேலிப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று வருஷம், பிள்ளையில்லை, பேச்சுத்துணைக்கு ஆளில்லை. பூனைதான் எனக்குப் பிள்ளை.

பிள்ளை சரி, அதன் முடியை என்ன செய்வது? பாயில் முடி, சோற்றில் முடி. பேன்சீப்பால் காலையும் மாலையும் வாருவேன். வார வாரக் கொட்டியது. ஒருநாள் மீன் விற்கிற அம்மாள் வெல்லத்தை விண்டு பார்த்துவிட்டுத் தெருவே கேட்கக் கத்தினாள்.

"இன்னா அண்ணாச்சி, வெல்லத்துல இம்மா நீட்டு மயிரு கீது! ஒரே கலீஜு!"

என் வீட்டுக்காரர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். "ஏட்டி, இன்னும் ஒரு முடி வெல்லத்துல கெடந்துச்சுன்னா, இத சாக்குல கட்டிப் புழல் ஏரிக்கரையில விட்டுட்டு வந்துருவேன், பாத்துக்கோ."

எங்கள் ஊரில் முடி கொட்டினால் விளக்கெண்ணெய். வேறு வைத்தியம் எனக்குத் தெரியாது. கடையிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்துச் சூடுகாட்டி, காலை நீட்டி உட்கார்ந்து, கைக்குழந்தைக்குச் செய்வதுபோல் பூனையைக் காலில் கிடத்தி, உச்சி முதல் வால் வரை தேய்த்தேன். சீயக்காய் போட்டால் சத்து போய்விடும், நன்றாக ஊறட்டும் என்று அப்படியே விட்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

முடி கொட்டுவது நின்றது. நிற்காமல் என்ன செய்யும், எண்ணெயில் ஒட்டிக்கொண்டதே! துறைமுகத்துக் கரித்தூள் அதில் படிந்து சடைசடையாய்த் திரண்டது. பூனை உட்கார்ந்து நக்கியது. நக்கிக்கொண்டேயிருந்தது. பூனை உடம்பை நக்குமென்று எனக்குத் தெரியும். விளக்கெண்ணெய் குடித்தால் என்ன ஆகுமென்றும் தெரியும், சின்ன வயதில் மூக்கைப் பிடித்து என் தொண்டையில் ஊற்றியிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

மறுநாளே பேதி. சீயக்காய் போட்டுக் கழுவினேன். சடையைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். முடி போனதும் உள்ளே ஒரு கைப்பிடி உடம்புதான் இருந்தது. கஞ்சித்தண்ணீர்கூட இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் என் மடியிலேயே செத்தது.

சாப்பிட வந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"நெசமாவா கொண்டுவிடப் போறேன்? சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்ட்டி. இது வந்த பெறகுதான நீ சிரிச்சே."

அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா, பாவி மனுஷன்! ஆனால் எண்ணெய் தேய்த்தது அவர் கையா?