புத்தாண்டுக் காலையில் எடுத்த துடைப்பம்

பண்டிகை நாளில் சும்மா உட்கார எனக்கு வராது. மைசூரில் எங்கள் வீட்டில் பெருக்கிக் கோலம் போட்ட பிறகுதான் காப்பியே கிடைக்கும். மொழி படிக்கச் சீனாவுக்குப் போன வருஷம், அவர்களுடைய புத்தாண்டுக்குத் தோழி தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். விடிந்தும் யாரும் எழவில்லை. கூடம் முழுக்க, முந்தின நாள் எல்லாரும் கொறித்துப் போட்ட சூரியகாந்தி விதைத் தோல். கை பரபரத்தது. கதவுக்குப் பின்னால் இருந்த துடைப்பத்தை எடுத்து, வாசல்வரை பெருக்கித் தள்ளினேன்.

தோழியின் அம்மா ஓடிவந்து துடைப்பத்தைப் பிடுங்கினார். குப்பையைத் திரும்ப உள்ளே கூட்டி வந்து ஒரு மூலையில் குவித்தார். இன்றைக்குப் பெருக்கினால் வீட்டுக்கு வந்த அதிர்ஷ்டமும் கூடவே போய்விடுமாம். தோழி சொல்லக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. குப்பையை யாராவது கட்டிக் காப்பார்களா?

மைசூரில் இருக்கும் என் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுப் பொரிந்து தள்ளினேன். என் பக்கம்தான் பேசுவாள் என்று நினைத்தேன்.

"ஹௌதா, நிஜமாவா?" என்றவள் சிரிக்கவில்லை. "நம்ம வீட்ல விளக்கு வெச்சப்புறம் பெருக்குவியாடி நீ? லட்சுமி போயிடுவான்னு தொடப்பத்தத் தொட மாட்டேல்ல? போ, அந்தம்மாகிட்ட மொதல்ல சாரி கேளு."

கேட்டேன். அன்று முழுக்க அந்த மூலையைப் பார்த்தபடி, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.